சனிக்கிழமைச் சம்பளமும் கணிப்பொறிக் கணக்கும்

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. மாலைத் திருப்பலி முடிந்து, சக்ரீஸ்தியைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முற்றத்து வேப்பமரத்தடியில் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். திருப்பூர்ப் பக்கத்தில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் ஒன்றை நடத்தி வருபவர். வெட்டிய துணி பெரிய நிறுவனங்களிலிருந்து வரும். இவர் ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்களில் தைத்து, செக்கிங் முடித்து, பீசுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் திருப்பி அனுப்புவார். உழைப்பாளி, குடிப்பழக்கமோ சீட்டாட்டமோ இல்லாதவர்.

"ஃபாதர், கணக்குப்படி எனக்கு இலாபம்தானுங்க. வரவேண்டிய பாக்கி மட்டும் இருபத்தோரு லட்சம். ஆனா வர்ற சனிக்கிழமை சம்பளமும் போனசும் குடுக்க ரெண்டு லட்சம் குறையுதுங்க. பணம் எங்கதான் போகுது?"

அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தினவட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒருவருடைய தொலைபேசி எண் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு இரவு உணவுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் 2003-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. எனினும் அந்தச் சட்டம் அறியாத சந்துகள் நம் ஊர்களில் ஏராளம் என்பதை மந்திரிப்புகளுக்காக வீடு வீடாகச் செல்லும் எந்தக் குருவும் அறிவார்.

குருமடத்தில் எங்களுக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்களே அன்றி வணிகவியல் கற்பிக்கவில்லை. ஆகவே பங்குப் பேரவையில் இருக்கும் பட்டயக் கணக்காளர் ஒருவரை அழைத்தேன். அன்றிரவும் அதைத் தொடர்ந்த சில மாலைகளிலும் மூவரும் பங்கு இல்லத்தில் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்தோம். அங்கே நான் கற்றுக்கொண்டது, கடை வைத்திருக்கும், தறி ஓட்டும், லேத்துப் பட்டறை நடத்தும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் எனத் தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

இலாபம் வேறு, ரொக்கம் வேறு

இளைஞர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணிப்பொறியும் பொய் சொல்லவில்லை. பில் எழுதிய நாளிலேயே அந்தத் தொகை வருமானமாகிவிடுகிறது. இலாப நட்டக் கணக்கு அதைத்தான் காட்டும். பில்லுக்கான பணம் வந்து சேரும் நாள் வேறு. இவ்விரு நாட்களுக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தில்தான் சிறு தொழில்கள் விழுந்து மடிகின்றன. இதில் வியப்புக்குரியது என்னவென்றால், தேய்கின்ற தொழிலைக் காட்டிலும் வளர்கின்ற தொழிலே இப்பள்ளத்தில் விரைவாக விழுகிறது. அவருடைய கணக்கைக் கொண்டே இதை விளக்குகிறேன். அவருடைய இசைவோடு, எண்களை எளிமைக்காகச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

ஆடி மாதம்வரை அவரிடம் 18 பேர் வேலை செய்தார்கள். வாரக் கூலி 72,000 ரூபாய். நூல், ஊசி, எண்ணெய், வண்டி வாடகை என்று வாரத்துக்கு 10,000. மாதச் செலவுகளாக இயந்திரக் கடன் தவணை 38,000, கட்டட வாடகை 35,000, மின்சாரம் 22,000, ஈ.எஸ்.ஐ. 12,000, உள்ளீட்டு வரி கழித்துச் செலுத்தும் ஜி.எஸ்.டி. 23,000, ஆக 1,30,000. நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டால் மொத்தச் செலவு 4,58,000.

வாரம் ஒன்றுக்கு அவர் போடும் பில் 1,40,000. ஐந்து சதவீத வரியோடு 1,47,000. பணம் கொடுப்பவர் வருமான வரிக்காக ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொள்வதால் கைக்கு வருவது 1,45,600. நான்கு வாரத்துக்கு 5,82,400. செலவு போக 1,24,400 மிஞ்சும். அதில் வீட்டுக்கு 60,000 எடுத்துக்கொண்டால் சுமார் 64,000 தொழிலில் தங்கும். குறை சொல்ல இடமில்லாத தொழில்தான். வந்த பணம் இன்றைய பில்லுக்கு உரியதன்று, பத்து வாரத்துக்கு முந்தைய பில்லுக்கு உரியது என்பது மட்டுமே இதிலுள்ள சூட்சுமம். வரத்தும் செலவும் ஒரே அளவாக ஓடும்வரை அது கண்ணுக்குத் தெரியாது.

ஆடி கடந்ததும் பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்தது. எட்டு இயந்திரங்களைக் கடனில் வாங்கினார்; எட்டுப் பேரை வேலைக்குச் சேர்த்தார். புதிய பில் வாரத்துக்கு 60,000. கூடுதல் கூலியும் சில்லறைச் செலவும் சேர்த்து 36,000. கூடுதல் தவணை மாதத்துக்கு 19,000. மாதம் எழுபதாயிரத்துக்கும் மேல் இலாபம் என்று கணிப்பொறி காட்டியது. யாருக்குத்தான் மனம் துள்ளாது? வீட்டில் கேசரி கிண்டினார்களாம்.

ஆனால் புதிய பில்லின் முதல் ரூபாய் பதினோராம் வாரத்தில்தான் வரும். அதற்குள் பத்து வாரக் கூடுதல் கூலி 3,20,000. சில்லறைச் செலவு 40,000. இரண்டு தவணை 38,000. இன்னும் கைக்கு வராத பில்களுக்கு இரண்டு மாத ஜி.எஸ்.டி. 24,000. ஆக 4,22,000 ரூபாய் வெளியே போகும். தொடக்கத்தில் வங்கியில் இருந்தது 2,10,000. பழைய தொழில் அந்தப் பத்து வாரத்தில் மிச்சப்படுத்தியது 1,60,000. இரண்டையும் கூட்டினால் 3,70,000. போனஸ் கொடுப்பதற்கு முன்பே 52,000 பற்றாக்குறை. 1,50,000 போனசையும் சேர்த்தால் 2,02,000. இளைஞர் தம் காகிதத்தில் எழுதி வைத்திருந்த இரண்டு லட்சம் இதுவே. அதே நாளில் பழைய பில்களில் 14,70,000, புதிய பில்களில் 6,30,000, ஆக இருபத்தோரு லட்சம் அவருக்கு வரவேண்டியிருந்தது என்பதும் உண்மையே!

இதையெல்லாம் ஆடியிலேயே கண்டிருக்க முடியுமா என்று கேட்டேன். "பத்து நிமிட வேலை, ஃபாதர்" என்றார் கணக்காளர். இளைஞர் தலை குனிந்துகொண்டார். பத்து நிமிடம் என்பது சற்று மிகை என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. ஆனால் கண்டிருக்க முடியும் என்பதில் ஐயமில்லை.

பின்னோக்கும் கண்ணாடி

இன்று உலகெங்கும் வழங்கும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் விரிவாக அச்சேற்றியவர் ஒரு துறவி என்பது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவியின் கணித நூல் 1494-இல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் கையாண்டு வந்ததை எழுதி வைத்தார். நாள்வழிச் சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று மூன்று ஏடுகளை அவர் வகுத்தார். முதல் ஏட்டின் மேல் சிலுவைக் குறியிட்டுத் தொடங்கும் வழக்கத்தையும் குறிப்பிடுகிறார். நம் கடைத்தெருவில் ஒருவர் பிள்ளையார் சுழி போடுவார், மற்றொருவர் 786 என்று எழுதுவார், நம்மவர் சிலுவை வரைவார். ஐந்து நூற்றாண்டு கடந்தும் கணக்கு எழுதுபவனின் மனம் மாறவில்லை.

நம் நாட்டுச் சிறு தொழிலகங்களில் பரவலாக வழங்கும் டேலி மென்பொருளும் அந்தத் துறவியின் பேரேட்டு முறையில் வந்ததே. 1986-இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்னும் தொழிலதிபர், தம் கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், அதை எழுதும்படி கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவிடம் சொன்னார். அப்படிப் பிறந்தது அது. மகனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் டேலி பிரைம் என்னும் பதிப்பு வெளிவந்தது.

பச்சோலியின் பேரேடாயினும் கோயங்காவின் கணிப்பொறியாயினும் இயல்பில் நடந்ததையே காட்டுகின்றன. வண்டியின் பக்கக் கண்ணாடி பின்னால் வருவதைக் காட்டுவதைப் போல. முன்னால் வரும் பள்ளத்தைக் காட்ட வேண்டுமானால், வருங்காலத் தேதிகளை நாம்தான் அதற்குள் இட வேண்டும். லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டப் புறப்படும் மனிதனின் உவமை வருகிறதே, அவனுடைய கேள்வி முடிக்கப் போதிய பணம் உண்டா என்பது. தொழில் செய்பவனுக்கு அதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு: சனிக்கிழமைக்குள் உண்டா?

தேதிகளை உள்ளே இடுவது

டேலியை வைத்தே சொல்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இளைஞரின் யூனிட்டில் அந்த மென்பொருள் நான்கு ஆண்டுகளாக இருந்தது. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வதற்கு அன்றி வேறெதற்கும் அவர் அதைத் திறந்ததில்லை. நம்மில் பெரும்பாலோர் நிலை இதுவே என்றார் கணக்காளர்.

முதல் வேலை, வங்கிக் கணக்கைச் சரிபார்த்தல். கணிப்பொறி காட்டிய இருப்பு ஒன்று, வங்கியின் பாஸ்புத்தகம் காட்டியது மற்றொன்று, 42,000 வேறுபாடு. நூல் கடைக்குக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை. பாஸ்புத்தகத்தில் அதிகம் இருக்கிறதே என்று மகிழ்ந்தால் நூல் கடைக்காரர் காசோலையைப் போடும் நாளில் அழ வேண்டியதுதான். வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை அன்றைய தேதிவரை கொண்டுவந்த பிறகே வேறெதையும் தொட வேண்டும். தொடக்க இருப்பு பிழையானால் அதன் மேல் கட்டிய பதின்மூன்று வாரமும் பிழை.

இரண்டாவது வேலையில்தான் மூன்று மாலைகள் கழிந்தன. டேலியில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பேரேட்டிலும், நிலுவையைப் பில் வாரியாக வைக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு ஆம் என்று விடையிட்டு, எத்தனை நாள் தவணை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பிறகு பில் போடும்போது அது 'நியூ ரெஃப்' என்று புது எண்ணோடு பதிவாகும். பணம் வரும்போது எந்தப் பில்லுக்கு உரியதோ அந்த எண்ணின்மேல் 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' என்று கழிக்க வேண்டும். நம்மவர் செய்வதோ, வந்த பணத்தையெல்லாம் 'ஆன் அக்கவுண்ட்' என்று பொதுவில் கொட்டிவிடுவது. மொத்தத் தொகை சரியாகவே இருக்கும். ஆனால் எந்தப் பில் எத்தனை நாளாக நிற்கிறது என்பதைக் கணிப்பொறியால் சொல்ல இயலாது. இளைஞரின் கணக்கில் ஏறக்குறைய ஓராண்டு வரவு இப்படிக் குவிந்து கிடந்தது. அவருடைய மனைவி பழைய பில் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண் சொல்ல, அவர் தட்டச்சு செய்ய, நான் தேநீர் போட்டேன்.

அந்த வேலை முடிந்ததும் கணிப்பொறி முதன்முறையாக வாய் திறந்து பேசியது எனலாம். வரவேண்டிய பில்களின் அறிக்கையைத் திறந்து எஃப் 6 விசையை அழுத்தினால், எந்தப் பில் முப்பது நாள், எது அறுபது, எது தொண்ணூறு என்று வயது வாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. விகிதங்களைக் காட்டும் அறிக்கையில், ஒவ்வொரு வாடிக்கையாளரும் சராசரியாக எத்தனை நாளில் பணம் கொடுக்கிறார் என்பதையும் காணலாம். இளைஞரின் பெரிய வாடிக்கையாளர் 45 நாள் என்று வாயால் சொல்லியிருந்தார். கணக்கு சொன்னது 70 நாள். முன்கணக்கில் எழுத வேண்டியது வாய்ச்சொல்லை அன்று, எழுபதைத்தான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்திச் சொல்வேன். முன்கணக்குகள் கெடுவது பெரும்பாலும் கூட்டல் பிழையால் அன்று, நம்பிக்கைப் பிழையால்.

பின்தேதியிட்ட காசோலைகள் கையிலிருந்தால் அவற்றையும் பதிய வேண்டும். கண்ட்ரோல் விசையோடு டி எழுத்தை அழுத்தினால் அந்தப் பதிவு பின்தேதியிட்டதாகிவிடும். அந்நாள் வரும்வரை அது இருப்பைத் தொடாது. நாம் கொடுத்த காசோலைகளுக்கும் இதுவே முறை.

இவ்வளவும் ஆன பின், ஆல்ட் விசையோடு ஜி எழுத்தை அழுத்தி 'கேஷ் ஃப்ளோ புரொஜெக்‌ஷன்' என்று தேடினால் ரொக்க முன்கணக்கு அறிக்கை கிடைக்கும். 'கேஷ் ஃப்ளோ' என்று மட்டும் பெயர்கொண்ட மற்றோர் அறிக்கையும் உண்டு. அது நடந்து முடிந்த வரவு செலவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. முன்கணக்கு அறிக்கையோ பில்களின் தவணைத் தேதிகளைக் கொண்டு, இனி என்ன வரும், என்ன போகும் என்று காட்டுவது. வாடிக்கையாளரின் பேரேட்டில் நாம் 45 என்று எழுதியிருந்தால் அது 45-ஐயே நம்பும். இயந்திரத்துக்கு முகம் பார்த்து எடை போடத் தெரியாது.

ஆயினும் கணிப்பொறியின் அறிக்கையோடு நின்றுவிட முடியாது என்பது எங்கள் அனுபவம். பில்லாகப் பதிவாகாத செலவுகள் அதற்குத் தெரியா. அடுத்த சனிக்கிழமைக் கூலி, போனஸ், மகளின் பள்ளிக் கட்டணம் முதலியன. ஆகவே ஆல்ட் விசையோடு ஈ எழுத்தை அழுத்தி, நிலுவைப் பட்டியலை எக்செல் தாளுக்கு ஏற்றுமதி செய்தோம். இடமிருந்து வலமாகப் பதின்மூன்று வாரங்கள், அதாவது ஒரு காலாண்டு. மேலே வார இருப்பு, அதன்கீழ் வரவுகள், அதன்கீழ் செலவுகள், அடியில் வார முடிவு இருப்பு. ஒரு வாரத்தின் அடி எண்ணே அடுத்த வாரத்தின் தலை எண். மாதவாரியாக ஏன் போடவில்லை என்று கேட்டேன். "கூலி வாரக் கூலி. மாத முடிவில் பணம் இருந்து, இரண்டாம் சனிக்கிழமை இல்லாமற் போனால் என்ன பயன்?" என்றார் கணக்காளர்.

செலவுக் கட்டங்களில் அரசாங்கத் தேதிகளைச் சிவப்பில் இட்டோம்: பிடித்தம் செய்த வருமான வரி 7-ஆம் தேதி, ஈ.எஸ்.ஐ. 15-ஆம் தேதி, மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி. 20-ஆம் தேதி. வாடிக்கையாளர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பில் போட்ட வரியை நாம் கட்டியாக வேண்டும் என்பது 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல் சிறு தொழில்களின் பெருமூச்சு. அந்த வரியை வாடிக்கையாளருக்காக நாம் கடன் கொடுக்கிறோம் என்பதே உண்மை. அப்போதுதான் கணக்காளர் இன்னொன்றையும் கேட்டார்: "இப்போது மொத்தம் எத்தனை பேர்?" இருபத்தாறு. இருபது பேரைத் தொட்ட நிறுவனம் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இளைஞர் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. தாளில் ஒரு புது வரி சேர்ந்தது. இரண்டு லட்சப் பற்றாக்குறை என்று மேலே நான் எழுதியது இந்தச் செலவைச் சேர்க்காமலே.

வீட்டுச் செலவு என்ற கட்டத்துக்கு வந்தபோது இளைஞர் தயங்கினார். தேவைப்படும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வது வழக்கமாம். அறுபதாயிரம் என்று அவர் சொன்னார். அவருடைய மனைவி கைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பால், மளிகை, மருந்து, மொய், பள்ளி வேன் என்று நாள்தோறும் எழுதப்பட்டிருந்தது. அவர் சொன்ன தொகை சரியாகவே இருந்தது. ஆனால் அந்த நோட்டில் அவர் எழுதாத ஒன்று இருந்ததை அன்றிரவுதான் அந்தப் பெண்மணி அறிந்தார்: மாமியாரின் சங்கிலி இரண்டு வாரத்துக்கு முன்பே அடகுக்குப் போயிருந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "அந்த வட்டியையும் எழுதுங்க" என்றார்.

தாள் என்ன சொன்னது

பதின்மூன்று வாரமும் நிரம்பியபோது, நாங்கள் எதிர்பாராத ஒன்றைத் தாள் காட்டிற்று. தீபாவளிக்கு மூடும் யூனிட், தொழிலாளர்கள் ஊர் சென்று திரும்பி முழு அளவில் ஓடுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் பழைய பில்களின் பணம் வந்துகொண்டிருக்கும், கூலியோ இல்லை. ஆகவே வங்கி இருப்பு திடீரென்று பெருகும். "போன வருஷம் அப்பத்தானுங்க பைக் வாங்கினேன்" என்றார் இளைஞர். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் பில் எதுவும் போடவில்லை அல்லவா? பத்து வாரம் கழித்து, கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் நெருங்கும் வேளையில், இரண்டு வாரம் வரவே இருக்காது. கூலியோ முழு அளவில் போய்க்கொண்டிருக்கும். தீபாவளி விடுமுறையின் விலையைப் பொங்கலில் கொடுக்கிறோம். ஆண்டுதோறும் தை மாதத்தில் ஏன் கை வறள்கிறது என்ற புதிர் அவருக்கு அன்று விடுபட்டது. தீபாவளியில் மிகுந்த பணத்தைத் தொடாமல் வைத்தாலொழிய அந்தப் பள்ளம் நிரம்பாது.

வரவுக் கட்டங்களை மூன்று நிறமாகப் பிரிக்கும்படி கணக்காளர் சொன்னார். காசோலை கையிலிருப்பது ஒரு நிறம்; தவறாமல் கொடுப்பவரின் பாக்கி ஒரு நிறம்; கொடுத்தால் உண்டு என்பது ஒரு நிறம். மூன்றாம் நிறத்தை மறைத்துவிட்டுக் கூட்டிப் பார், அப்போதும் கூலி கொடுக்க முடிகிறதா என்று பார் என்றார். பிறகு பெரிய வாடிக்கையாளரின் ஒவ்வொரு தொகையையும் மூன்று வாரம் தள்ளி வைத்தும் பார்த்தோம். அந்தத் தாளைப் பார்க்க எனக்கே அச்சமாக இருந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பி எட்டு இயந்திரம் வாங்குவது எத்தகையது என்பதை எந்த அறிவுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

மாறாக, அந்த வாடிக்கையாளர் சொன்னபடி 45 நாளில் கொடுத்திருந்தால்? எட்டு, ஒன்பது, பத்தாம் வாரங்களில் மூன்று புதிய பில்களின் பணம், 1,87,200 ரூபாய் வந்திருக்கும். 2,02,000 பற்றாக்குறை ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருக்கும். இந்த 45 நாள் வெறும் வாய்ப்பேச்சும் அன்று. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, காலம் கடந்து கொடுக்கும் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று வருமான வரியில் ஒரு கடிவாளம் இட்டது. 'உத்யம்' பதிவு இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. கட்டணம் இல்லாத பதிவு அது. இளைஞரிடம் இல்லை. மறுநாளே செய்தார்.

சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சம் அவருக்கு உண்டு. அதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். வழக்காடுவதற்கு முன் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. கையில் இருப்பு இருக்கும் நாளிலேயே வங்கியில் மிகைப்பற்று வரம்பு கேட்பது அவற்றில் முதலாவது. இல்லாத நாளில் கேட்டால் வங்கியும் அஞ்சும், வட்டிக்காரர் மட்டுமே அஞ்சமாட்டார். புதிய ஆர்டரை ஏற்கும் நாளிலேயே முதல் மூன்று பில்களுக்கு விரைவுத் தவணை கேட்பது மற்றொன்று. தாளைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வாரத்துக்கு முன்னால் கேட்பவனுக்கு ஒரு மதிப்பு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை கைபிசைந்து நிற்பவனுக்கு அது கிடைப்பதில்லை.

அந்தத் தீபாவளிக்கு முற்றிலும் நல்ல முடிவு ஏற்பட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது இதுவே: இளைஞர் தாளை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் சென்றார், அவர் தவணை கடந்த பில்களில் ஒன்றை மட்டும் உடனே கொடுத்தார். மனைவியின் வளையல்கள் நகைக்கடனுக்காக வங்கிக்குச் சென்றன. தனியாரிடம் இருந்த சங்கிலியும் குறைந்த வட்டிக்கு வங்கிக்கு மாறியது. போனசில் ஒரு பகுதி பண்டிகைக்கு முன்பும் மறு பகுதி யூனிட் திறந்த பின்பும் கொடுக்கப்பட்டது. காரணத்தைத் தொழிலாளர்களிடம் அவரே நேரில் சொன்னார். இருவர் திரும்பி வரவில்லை. தொலைபேசி எண் எழுதிய காகிதத்தை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைதோறும் கணவனும் மனைவியும் அரைமணி நேரம் அந்தத் தாளோடு அமர்கிறார்கள். சென்ற வாரம் எழுதியது என்ன, நடந்தது என்ன என்று ஒத்துப் பார்த்து, முடிந்த வாரத்தை நீக்கி, வலப்பக்கத்தில் ஒரு புதிய வாரத்தைச் சேர்க்கிறார்கள். முதல் மாதம் கணிப்பு வெகுவாகத் தவறியது. மூன்றாம் மாதத்தில் ஓரளவு நெருங்கி வந்தது. தரவுகளை வாரந்தோறும் தனிக் கோப்பாகவும் பிரதி எடுத்து வைக்கிறார்கள். வெளிநாட்டு மென்பொருளான குவிக்புக்ஸ் 2023-இல் இந்தியாவில் தன் சேவையை நிறுத்திக்கொண்டபோது, கணக்குகளை வேறிடம் மாற்றத் தம் வாடிக்கையாளர்கள் பட்ட பாட்டைக் கணக்காளர் சொல்லியிருந்தார்.

சென்ற வாரம் மந்திரிப்புக்காக அந்த யூனிட்டுக்குப் போயிருந்தேன். மேசைக் கண்ணாடியின் அடியில் அந்த வாரத்துத் தாள் இருந்தது. செலவுக் கட்டங்களின் கடைசி வரியில், பதினோராம் வாரத்துக்கு நேரே, பெண் கையெழுத்தில் 'அத்தை சங்கிலி' என்றும் அதன் எதிரே ஒரு தொகையும் எழுதியிருந்தன.